ஒரே செயல்பாடு, வேறு வேறு கற்பித்தல் முறை: நடுநிலை வகுப்புகளில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுப்பவர்கள், தமிழ்நாடு அரசின் வானவில் மன்றம் போன்ற திட்டங்களில் பள்ளி பள்ளியாகப் போய்ச் செயல்பாடு நடத்துபவர்கள், மாலையில் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து அறிவியல் சொல்லித் தருபவர்கள் என எல்லோருக்குமானது இது. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) செயல்பாட்டை எப்படி நடத்தினால் பிள்ளைகளுக்குப் பிடிபடும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "செய்து காட்டினால் போதும்" என்பார் ஒருவர். "அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்" என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டு பேருமே வகுப்பில் எழுந்த சத்தத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். கலகலப்பாகப் போன வகுப்பில் ஒன்றுமே பதியாமல் போவதுண்டு. எது பதிந்தது என்று தெரிய வேண்டுமென்றால் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

இங்கே இரண்டு செயல்பாடுகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, ஒரு செல்லும் ஒரே ஒரு ஒயரும் கொண்டு டார்ச் பல்பை எரிய வைப்பது. மற்றொன்று, ஊசல் ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம் எதைப் பொறுத்தது என்று கண்டுபிடிப்பது. இரண்டுக்கும் செலவு குறைவு. இரண்டிலும் பிள்ளைகள் உறுதியாக நம்பும் தவறான எண்ணங்கள் இருக்கின்றன. அதனால்தான் இவை ஒப்பீட்டுக்குத் தோதானவை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை எடுத்தால் எந்த முறையும் நல்ல முறையாகத்தான் தெரியும்.

## 1. எந்த முறைகளை ஒப்பிடுகிறோம் என்று எழுதி வையுங்கள்

நடுநிலை வகுப்புகளில் பெரும்பாலும் புழங்குபவை மூன்று.

செய்து காட்டல். ஆசிரியர் மேசையில் செய்கிறார், பிள்ளைகள் பார்க்கிறார்கள். இதிலேயே இரண்டு வகை உண்டு. சும்மா பார்ப்பது ஒன்று. என்ன நடக்கும் என்று முதலில் எழுதிவிட்டுப் பார்ப்பது இன்னொன்று. இவை இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டாம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், சும்மா பார்த்த மாணவர்களின் புரிதல் அந்தச் செய்முறையைப் பார்க்கவே பார்க்காதவர்களின் புரிதலைவிடப் பெரிதாக உயரவில்லை. முன்கூட்டியே கணித்துவிட்டுப் பார்த்தவர்கள் தெளிவாகவே மேலே இருந்தார்கள். அது கல்லூரி வகுப்பு. ஆனாலும் நம் வகுப்புகளில் கண்ணால் பார்ப்பதும் அதேதான்.

செய்முறைத் தாள். சமையல் குறிப்பு மாதிரி: இதை எடு, இங்கே இணை, என்ன நடந்தது என்று எழுது.

வழிகாட்டிய தேடல். கேள்வியையும் பொருளையும் கொடுத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் குறிப்புக் கொடுப்பது. குறிப்பே தராமல் விட்டுவிடுவதை இதில் சேர்க்கவில்லை. காரணம் 7ஆம் பகுதியில் வரும்.

மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பிடப் போனால் எதுவும் தெளிவாகத் தெரியாது. முதல் சுற்றுக்கு இரண்டை எடுங்கள். என் பரிந்துரை செய்முறைத் தாளும் வழிகாட்டிய தேடலும். இரண்டிலும் பொருள் பிள்ளைகள் கையில்தான் இருக்கிறது, எனவே "தொட்டுப் பார்த்தார்களா இல்லையா" என்ற வேறுபாடு குறுக்கே வராது.

## 2. முதலில் கேள்வித்தாள், அப்புறம்தான் பாடம்

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. பாடத்தை நடத்தி முடித்த பிறகு தேர்வு வைக்கலாமே என்று நினைக்கிறார்கள். பாடம் நடத்திய பின் கேள்வி எழுத உட்கார்ந்தால், நமக்குப் பிடித்த முறையில் எது நன்றாகப் போனதோ அதையே கேட்டுவிடுவோம். நமக்குத் தெரியாமலே இது நடக்கும்.

ஒரு செயல்பாட்டுக்கு மூன்று கேள்வி போதும். ஒவ்வொன்றின் கீழும் "ஏன்?" என்று கேட்டு இரண்டு வரி எழுத இடம் விடுங்கள்.

பல்புக்கு:

- நான்கு படங்கள். முதலாவதில் பல்பின் அடிநுனி செல்லின் மேல் குமிழில் நிற்கிறது, ஒயரே இல்லை. இரண்டாவதில் அடிநுனி குமிழில் நிற்க, செல்லின் அடியிலிருந்து வரும் ஒயரும் அடிநுனியையே தொடுகிறது. மூன்றாவதில் அடிநுனி குமிழில் நிற்க, செல்லின் அடியிலிருந்து வரும் ஒயர் பல்பின் உலோகப் பக்கவாட்டைத் தொடுகிறது. நான்காவதில் உலோகப் பக்கவாடு குமிழைத் தொட, அடியிலிருந்து வரும் ஒயர் அடிநுனியைத் தொடுகிறது. எவை எரியும்? (மூன்றும் நான்கும்.)
- ஒரே மாதிரி இரண்டு பல்புகள் ஒன்றையடுத்து ஒன்றாக ஒரே சுற்றில். எது பிரகாசம்? (இரண்டும் ஒன்றுபோலத்தான்.)
- டார்ச்சில் செல்களும் புதிது, பல்பும் நல்லது. ஆனால் எரியவில்லை. அடிமூடி ஸ்பிரிங்கில் துரு. துருவுக்கும் எரியாததற்கும் என்ன தொடர்பு?

மூன்றாவது கேள்விதான் முக்கியம், ஏனென்றால் அது வகுப்பில் செய்யாத ஒன்று. செய்ததையே திருப்பிக் கேட்டால் நினைவாற்றலைத்தான் அளக்கிறோம். செய்முறைத் தாள் முறை அதில் எப்போதும் முன்னால் நிற்கும்.

ஊசலுக்கு: கனத்தைக் கூட்டினால் போய்வரும் நேரம் மாறுமா? நீளத்தைக் கூட்டினால்? அப்புறம் வகுப்பில் செய்யாத கேள்வி: பழைய ஊசல் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது, குண்டை மேலே ஏற்ற வேண்டுமா, கீழே இறக்க வேண்டுமா? (மேலே.)

## 3. பொருள்கள்: எல்லாவற்றையும் முதல் நாளே சோதியுங்கள்

ஒரு குழுவுக்கு மூன்று பேர். நான்கானால் ஒருவர் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார். 30 பேர் என்றால் பத்துத் தொகுப்பு, உபரியாக இரண்டு.

பல்புத் தொகுப்பில் 1.5 வோல்ட் சாதாரண செல் ஒன்று, 2.5 வோல்ட் டார்ச் பல்பு ஒன்று, சுமார் 15 செ.மீ. ஒயர் ஒன்று. கவனிக்க வேண்டியவை:

ஒயரின் முனை. பிளாஸ்டிக் உறை போட்டதென்றால் இரு முனையிலும் 2 செ.மீ. சீவி வையுங்கள். எனாமல் பூசிய செப்புக் கம்பி என்றால் உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும். அந்தப் பூச்சு கண்ணுக்குத் தெரியாது. சரியாக இணைத்தும் எரியாமல் போனால், சரியான யோசனையைப் பிள்ளையே தவறென்று கைவிட்டுவிடும். ஒப்பீடு கெட இது ஒன்றே போதும்.

வெளிச்சம். 2.5 வோல்ட் பல்பு ஒரு செல்லில் மங்கலாகத்தான் எரியும். பகல் வெயில் அடிக்கும் ஜன்னலோரக் குழுவுக்கு எரிவது தெரியாது. கையைக் குவித்து மறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பிரிவுக்கும் சொல்லுங்கள்.

எல்இடி. டார்ச் பல்பு கிடைக்கவில்லை என்று எல்இடி வாங்கிவிடுவார்கள். சிவப்பு எல்இடிக்கே கிட்டத்தட்ட 2 வோல்ட் தேவை, எனவே ஒரு செல்லில் எரியாது. தவிர அதைத் திசை பார்த்து இணைக்க வேண்டும், நீளக்காலைத்தான் நேர்முனையில் வைக்க வேண்டும். அது வேறு பாடம், இங்கே கலக்காதீர்கள்.

பாதுகாப்பு. செல்லின் இரு முனைகளையும் ஒயரால் நேராக இணைத்தால் ஒயர் சுடும். எப்படியும் யாராவது செய்வார்கள். "ஒயர் சுட்டால் உடனே விட்டுவிடு" என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கைப்பேசி பேட்டரி, பைக் பேட்டரி எதுவும் அறைக்குள் வரக்கூடாது. சுவர் பிளக்கின் பக்கமே போகக்கூடாது.

ஊசலுக்கு நூல், ஒரே அளவு வாஷர்கள் மூன்று, கொக்கியாக வளைத்த பேப்பர் கிளிப், ஸ்கேல், விநாடி முள் உள்ள கடிகாரம். ஸ்டாப்வாட்ச் கட்டாயமில்லை.

## 4. பிரிவுகளைக் குறுக்கே மாற்றுங்கள்

7அ பிரிவுக்கு ஒரு முறை, 7ஆ பிரிவுக்கு இன்னொரு முறை. யாருக்கு மதிப்பெண் கூடியதோ அந்த முறை வென்றது. பெரும்பாலோர் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இரண்டு பிரிவும் ஒன்றாக இருந்ததே கிடையாது. ஒன்று ஆங்கில வழி, மற்றது தமிழ் வழி. ஒன்றுக்குக் காலை வகுப்பு, மற்றதற்குச் சத்துணவு முடிந்த கையோடு வகுப்பு. நீங்கள் அளப்பது முறையையா, தூக்கக் கலக்கத்தையா?

இதற்கு எளிய வழி குறுக்கு மாற்றம். பல்பை 7அ செய்முறைத் தாளில் செய்யட்டும், 7ஆ தேடலில் செய்யட்டும். ஊசலுக்கு அப்படியே திருப்பிப் போடுங்கள். இரண்டு செயல்பாட்டிலும் ஒரே முறை முன்னால் வந்தால் அது முறையின் பலன். இரண்டிலும் ஒரே பிரிவு முன்னால் வந்தால் அது பிரிவின் பலன், முறையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

ஒரே பிரிவுதான் இருக்கிறதென்றால் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு பாதி விளையாடப் போகும்போது மறுபாதிக்கு நடத்தலாம். "இவன் நன்றாகப் படிப்பான், அங்கே போகட்டும்" என்று கையால் பிரித்தீர்களானால் எல்லாம் வீண். இரண்டு பாதியும் இடைவேளையில் பேசிக்கொள்ளாமல் இருக்க, அடுத்தடுத்த பாடவேளைகளில் முடித்துவிடுவது நல்லது.

இரண்டு பக்கமும் ஒரே ஆசிரியர், அதே நிமிடங்கள், அதே பொருள்கள், அதே விளக்கம். விளக்கம் வரும் இடம்தான் வேறுபட வேண்டும். செய்முறைத் தாளில் அது முதலில் வரும், தேடலில் கடைசியில் வரும். பத்து நிமிட விளக்கத்தை வார்த்தைக்கு வார்த்தை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். செயற்கையாக இருக்கும்தான். ஆனால் எழுதி வைக்காவிட்டால், இரண்டாவதாக நடத்தும் பிரிவுக்குத் தானாகவே நல்ல விளக்கம் கிடைத்துவிடும்.

## 5. முன்தேர்வு: விடையைச் சொல்லிவிடாதீர்கள்

செயல்பாட்டுக்கு இரண்டு நாள் முன்பு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். "மார்க் கிடையாது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்" என்று சொல்லுங்கள். மதிப்பெண் உண்டு என்றால் பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள். அப்புறம் பத்துப் பேருடைய எண்ணத்துக்குப் பதில் ஒருவருடைய எண்ணம்தான் கிடைக்கும்.

தாள்களை வாங்கியதும் "டீச்சர், ஆன்சர் என்ன?" என்று மொய்ப்பார்கள். சொல்லாதீர்கள். "வியாழக்கிழமை நீங்களே பாருங்கள்" என்பதோடு நிறுத்துங்கள்.

தாள்களைத் திருத்தும்போது சரி, தவறு மட்டும் போடாமல் காரணத்தை வகை பிரியுங்கள். மின்சுற்றில் பெரும்பாலும் வருபவை மூன்று: செல்லின் ஒரு முனையிலிருந்து மட்டும் இணைப்பு வந்தால் போதும் என்பது ("ஒரு ஒயர் போதும்" என்று எழுதுவார்கள்), இரு முனைகளிலிருந்தும் மின்சாரம் வந்து பல்பில் மோதிக்கொள்கிறது என்பது, பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்பது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் இதையேதான் எழுதுகிறார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்ஐடியில் பட்டம் வாங்கிய கையோடு நின்றவர்களிடமே கேமரா முன்னால் பேட்டரி, பல்பு, ஒயர் கொடுத்தபோது பலர் திணறினார்கள். ஆகவே உங்கள் பிள்ளைகளைக் குறை சொல்ல வேண்டாம்.

ஒரு ஒயர் போதும் என்ற எண்ணத்தின் வேரை ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அழகாகச் சொன்னாள்: "டீச்சர், எங்க வீட்டு ஃபேனுக்கு ஒயர் ஒண்ணுதானே போகுது?" உண்மைதானே. வெளியே தெரிவது ஒன்றுதான். கழித்துப்போட்ட டேபிள் ஃபேன் ஒயரை, பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, குறுக்கே நறுக்கிக் காட்டுங்கள். உள்ளே குறைந்தது இரண்டு கம்பிகள் தனித்தனியாக இருக்கும். ஆனால் விளக்க நேரத்தில்தான் காட்ட வேண்டும், முன்தேர்வு அன்று காட்டக்கூடாது. இரண்டு பிரிவுக்கும் காட்ட வேண்டும்.

## 6. முதல் செயல்பாடு: பல்பு

இரண்டு பக்கத்துக்கும் 40 நிமிடம்.

செய்முறைத் தாள் பக்கம். முதல் பத்து நிமிடம் விளக்கம். பிறகு தாள்: மூன்றாம் படத்தில் உள்ளதுபோல் இணை, எரிகிறதா, நான்காம் படத்தைப்போல் இணை, எரிகிறதா, முதலிரண்டு படங்களைப்போல் இணை, ஏன் எரியவில்லை. கடைசி ஐந்து நிமிடம் எழுத. குழுக்கள் விரைவாக முடித்துவிடும். மீதி நேரத்தில் புதிய சவால் எதுவும் கொடுக்காதீர்கள். கை துறுதுறுக்கும். ஆனால் கொடுத்தால் இது செய்முறைத் தாள் முறையாக இருக்காது.

தேடல் பக்கம். ஒரே வாக்கியம்: "இந்த மூன்றை மட்டும் வைத்துப் பல்பை எரிய வையுங்கள். எத்தனை விதமாக எரிகிறது என்று படம் வரையுங்கள். எரியாததையும் வரையுங்கள்." பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

குறிப்புகளை முன்பே வரிசையாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. எட்டு நிமிடம் வரை எதுவும் இல்லை.
2. எட்டாவது நிமிடத்திலும் எரியாத குழுவுக்கு: "பல்பில் உலோகம் எங்கெங்கே இருக்கிறது?"
3. இன்னும் நான்கு நிமிடம் கழித்து: "கண்ணாடிக்குள் இருக்கும் மெல்லிய இழைக்கு இரண்டு முனை. அவை எங்கே போய் முடிகின்றன?" கைவசம் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் கொடுங்கள். பல்பை உடைத்துக் காட்ட வேண்டாம்.
4. அதன் பிறகும் இல்லையென்றால்: "அடிநுனியை ஒரு வழி என்று வைத்துக்கொள். இன்னொரு வழி எது?"

இப்படி எழுதி வைக்காவிட்டால் நடப்பது என்னவென்றால், மூன்றாவது நிமிடமே பொறுமை போய், பிள்ளையின் கையிலிருந்து ஒயரை வாங்கி நாமே தொட்டுக் காட்டிவிடுவோம். பேருக்குத் தேடல், நடந்தது செய்து காட்டல். பயிற்சி முகாம்களில் புதியவர்களிடம் நான் பார்க்கும் பிழைகளில் முதலிடம் இதற்குத்தான்.

எரியும் விதங்கள் மொத்தம் நான்கு: அடிநுனி அல்லது உலோகப் பக்கவாடு செல்லைத் தொடலாம், செல்லின் எந்த முனையையும் தொடலாம். நான்கையும் கண்டுபிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. எரியாத படங்களை வரைந்தார்களா என்பதைப் பாருங்கள், அதில்தான் பாடம் இருக்கிறது. "இதுவும் எரியல, இதுவும் எரியல, அப்ப ரெண்டு இடத்துல தொடணும் போல" என்று ஒரு குழு முணுமுணுப்பதைக் கேட்டீர்களானால் விளக்கம் சொல்லும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். கடைசிப் பத்து நிமிடம் அதற்கு.

## 7. இரண்டாம் செயல்பாடு: ஊசல்

இப்போது முறைகள் இடம் மாறும். ஆனால் தொடங்குமுன் ஒன்றை இரண்டு பிரிவுக்கும் நேராகக் கற்பித்துவிடுங்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். நீளத்தையும் கனத்தையும் சேர்த்து மாற்றினால் எதனால் நேரம் மாறியது என்று சொல்ல முடியாது.

இதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். உளவியல் ஆய்வாளர்கள் டேவிட் கிளாரும் மிலீனா நிகமும் 2004இல் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் சாய்தளப் பலகைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். நேராகக் கற்பிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்தத் திறனைப் பிடித்துக்கொண்டார்கள், தாமாகத் தேட விடப்பட்டவர்களில் சிறுபான்மையினர்தான். நம் பிள்ளைகள் அவர்களைவிட மூன்று நான்கு வயது பெரியவர்கள் என்றாலும் நிலைமை அவ்வளவாக மாறுவதில்லை. தேடுவதற்கு விடலாம். ஆனால் எப்படித் தேடுவது என்பதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு விட வேண்டும்.

செய்யும் முறை: 25, 50, 100 செ.மீ. நீளங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து அலைவுகளுக்கான நேரம் (ஒருமுறை போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு). சரியாகச் செய்தால் சுமார் 10, 14, 20 விநாடிகள் வரும். நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குதான் என்பது இந்த அட்டவணையிலேயே தெரிகிறது. பிறகு 50 செ.மீ. நீளத்தில் ஒன்று, இரண்டு, மூன்று வாஷர்கள். மூன்றிலும் 14 விநாடிதான்.

இங்கே நான்கு பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முடிவையே புரட்டிப்போடுபவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாஷரை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டுவது. இரண்டாவது வாஷரை முதலாவதன் அடியில் தொங்கவிட்டால் ஊசலின் நீளமும் கூடிவிடுகிறது. நேரம் கொஞ்சம் அதிகமாக வரும். பிள்ளைகள் "கனம் கூடினால் மெதுவாகும்" என்று முடிவுகட்டுவார்கள், அதற்கு ஆதாரமும் கையில் இருக்கும். வாஷர்கள் எல்லாம் ஒரே கிளிப்பில் ஒன்றாகச் சேர்ந்து தொங்க வேண்டும். தேடல் பிரிவில் இதை நீங்களாகச் சொல்லாமல், "நீளம் இப்போது எவ்வளவு, அளந்து சொல்" என்று மட்டும் கேளுங்கள்.

எண்ணிக்கை. விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால் பத்து என்று சொல்லும்போது ஒன்பது அலைவுகள்தான் ஆகியிருக்கும். 14 விநாடி 13க்கும் கீழே போய்விடும். விடும்போது "சைபர்" என்று சொல்லப் பழக்குங்கள்.

நீளத்தை எங்கே அளப்பது. முடிச்சிலிருந்து வாஷரின் நடுவரை. நூலை மட்டும் அளந்தால் 25 செ.மீ. ஊசலில் பிழை பளிச்சென்று தெரியும், 100 செ.மீ.யில் தெரியாது.

பெரிதாக இழுத்து விடுவது. 20 பாகை வரை இழுத்தால் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. 90 பாகைக்கு இழுத்துவிட்டால் நேரம் கிட்டத்தட்ட 18 சதவீதம் கூடும். எட்டாம் வகுப்பில் சில பையன்கள் கண்டிப்பாக இழுப்பார்கள். ஒரு சாண் அளவுக்கு மேல் இழுக்கக்கூடாது, 25 செ.மீ. ஊசலுக்கு இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு மேல் கூடாது என்று விதி வையுங்கள்.

## 8. நடக்கும்போது எதைக் குறித்துக்கொள்வது

எல்லாவற்றையும் கவனிக்கப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்று குழுக்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு கேள்விக்கு விடை குறியுங்கள்: பொருள் யார் கையில் இருக்கிறது?

பையன்களும் பெண்பிள்ளைகளும் கலந்த குழுவில் பெரும்பாலும் ஒயர் பையன் கையிலும் பேனா பெண் கையிலும் இருக்கும். "அவ கையெழுத்து நல்லா இருக்கும் மிஸ்" என்று காரணமும் சொல்வார்கள். ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றச் சொல்லுங்கள். இரண்டு பிரிவுக்கும் இதே விதி. இல்லாவிட்டால் உங்கள் ஒப்பீடு வகுப்பில் மூன்றில் ஒரு பங்குப் பேரைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

கூடவே நேரத்தையும் குறியுங்கள்: ஆயத்தத்துக்கு எவ்வளவு, அடுக்கி வைக்க எவ்வளவு. நல்ல பலன் தரும் முறை ஒன்று, வாரம் ஒருமுறை செய்ய முடியாத அளவுக்கு வேலை வாங்கினால் அதுவும் முடிவில் சேர வேண்டியதுதான்.

## 9. பின்தேர்வு இரண்டு முறை

அதே மூன்று கேள்விகள். முதல் முறை மறுநாள். இரண்டாவது முறை மூன்று வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல். மறுநாள் தேர்வில் செய்முறைத் தாள் பிரிவு முன்னால் இருந்து, மூன்று வாரத்தில் பின்தங்குவதைப் பார்க்கலாம். முதல் தேர்வோடு நிறுத்தினால் தவறான முறையைத் தேர்ந்தெடுத்துவிடுவீர்கள்.

"எந்த வகுப்பு பிடித்தது?" என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் அதைக் கற்றலின் அளவாக எடுக்காதீர்கள். ஹார்வர்டில் 2019இல் வெளியான ஆய்வொன்றில், தாமே முயன்று கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் பெற்றார்கள். ஆனால் "நல்ல விரிவுரை கேட்ட அன்றுதான் அதிகம் கற்றோம்" என்றுதான் அவர்களே சொன்னார்கள். திணறினால் புரியவில்லை என்று தோன்றுவது இயல்புதானே.

திருத்தும்போது பெயரையும் பிரிவையும் மடித்து மறைத்து, இரண்டு பிரிவுத் தாள்களையும் கலந்துவிடுங்கள். முடிந்தால் இன்னொரு ஆசிரியரிடம் கொடுங்கள். மூன்று தேர்வில் ஏதாவது ஒன்றுக்கு வராத பிள்ளையின் தாள்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

## 10. எண்களைப் படிப்பது

பின்தேர்வு மதிப்பெண்ணை நேராக ஒப்பிடக்கூடாது. உதாரணத்துக்கு, டார்ச் கேள்வியில் 25 பேர் கொண்ட ஒரு பிரிவில் முன்பு 8 பேர் சரி, பின்பு 17 பேர். அதே எண்ணிக்கையுள்ள மற்ற பிரிவில் முன்பு 15, பின்பு 20. 20 தான் பெரியது. ஆனால் முதல் பிரிவில் தெரியாமல் இருந்தவர்கள் 17 பேர், அவர்களில் 9 பேர் கற்றார்கள், அதாவது 0.53. இரண்டாம் பிரிவில் தெரியாத 10 பேரில் 5 பேர், அதாவது 0.5. ஏறத்தாழ சமம்தான்.

இந்தக் கணக்கு, கூடுதலை மட்டும் பார்க்கிறது. சரியாக எழுதியவர் பின்தேர்வில் தவறாக எழுதியிருந்தால் அதையும் தனியாக எண்ணுங்கள். ஊசலில் வாஷரைக் கீழே கீழே கட்டிய குழுவில் இது நடக்கும்.

25 பேரில் இரண்டு மூன்று பேர் வித்தியாசம் என்றால் அதை வித்தியாசமாகவே எடுக்காதீர்கள். அந்த இருவரும் அன்று காய்ச்சலில் இருந்திருக்கலாம். எண்ணைவிட "ஏன்?" வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. முன்தேர்வில் "பல்பு கரண்டைத் தின்னும்" என்று எழுதியவர்கள் பின்தேர்வில் என்ன எழுதினார்கள் என்று வரிசையாகப் படியுங்கள். படத்துக்குச் சரியான விடை போட்டுவிட்டுக் காரணத்தில் பழையதையே எழுதியிருந்தால், அந்த முறை விடையைக் கற்பித்தது, கருத்தைக் கற்பிக்கவில்லை.

## 11. முடிவெடுக்கும்போது

எல்லாப் பாடத்துக்கும் ஒரே முறை என்று எதுவும் வெளியே வராது, வந்தால் சந்தேகப்படுங்கள். என் அனுபவத்தில் தேடல் பொருந்துவது பல்பு மாதிரியான இடத்தில்தான்: செய்தால் உடனே ஆம், இல்லை என்று பொருளே பதில் சொல்லிவிடும், தவறு செய்தாலும் நட்டமில்லை. ஊசல் மாதிரி அளவு எடுக்க வேண்டிய இடத்தில் அளக்கும் முறையைத் தாளில் கொடுத்துவிட்டு, எதை மாற்றிப் பார்ப்பது என்பதை மட்டும் அவர்களிடம் விடுவது நன்றாக வருகிறது. இரண்டையும் கலந்ததுதான் அது. பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, வகுப்பில் 45 பேர் என்றால் முன்கூட்டியே எழுதவைத்துச் செய்து காட்டுவதை விடச் சிறந்தது எதுவும் இல்லை. அதைத் தாழ்ந்த முறை என்று நினைக்க வேண்டியதில்லை.

செயல்பாடு ஒன்றுக்கு ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: எந்த முறை, எத்தனை நிமிடம், எந்தக் குறிப்பு எந்த நிமிடத்தில் தேவைப்பட்டது, முன்தேர்வில் வந்த தவறான காரணங்கள், மூன்று வாரம் கழித்தும் மாறாதவை எவை. அடுத்த சுற்றில் வென்ற முறையோடு, எழுதிவிட்டுப் பார்க்கும் செய்து காட்டலை வைத்து ஒப்பிடுங்கள். கேள்வித்தாளை மட்டும் மாற்றாதீர்கள், மாற்றினால் இந்த ஆண்டுக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க முடியாது.